தீக்குச்சி அளவில் நழுவிய இறுதிச் சுற்று: இளவேனில் வாலறிவன் பற்றி ஒரு பேச்சு

(சென்ற காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஆற்றிய உரை. வர முடியாதவர்கள் கேட்டதற்கிணங்க எழுத்தில் தருகிறோம்.)

செயலாளர் அண்ணாச்சி போன வாரம் லிஃப்ட் பக்கத்தில் என்னைப் பிடித்து, "சார், நம்ம பிள்ளைகளுக்கு ரைஃபிள் சுடுற போட்டியைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசணும்" என்றார். ஏன் கேட்டார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மொட்டை மாடியில் ஏர் கன் வைத்துக்கொண்டு ஒரு பையன் அணிலைச் சுட்டது ஒரு பிரச்சினை. கீழே காலியாகக் கிடக்கும் நீள அறையில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு இடம் கொடுங்கள் என்று இரண்டு வீட்டார் மனுக் கொடுத்தது இன்னொன்று. இரண்டும் ஒரே வாரத்தில் வந்ததால் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருக்கிறோம். சத்தம் போடுவதற்கு முன்னால், அந்த விளையாட்டு என்ன, அதில் ஒரு பிள்ளை என்ன பாடுபட்டு மேலே வருகிறது என்று தெரிந்துகொள்வோம்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது இளவேனில் வாலறிவன். பெயரைக் கேட்டாலே நம்ம வீட்டுப் பிள்ளை என்று தெரிகிறதல்லவா. வாலறிவன் என்பது திருக்குறள் முதல் அதிகாரத்தில் வருகிற சொல். 1999 ஆகஸ்ட் 2 அன்று கடலூரில் பிறந்தவர், வளர்ந்தது அகமதாபாத்தில். சின்ன வயதில் ஓட்டப்பந்தயத்தில் ஆர்வம். பதின்மூன்று வயதை ஒட்டித்தான் துப்பாக்கிப் பக்கம் வந்தார். ககன் நாரங் நடத்தும் கன் ஃபார் குளோரி அகாடமியில் பயிற்சி பெற்றார். அந்த ககன் நாரங்கும் பிறந்தது சென்னையில்தான், வளர்ந்தது ஹைதராபாத்தில். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கியவர்.

நம்ம பக்கத்துக்கு விளையாட்டு என்றால் ஹாக்கி. கோவில்பட்டி மைதானத்தில் ஆடிப் பழகிய மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டு வெண்கலத்தோடு வந்தார்கள். ஹாக்கியை எல்லோரும் வேலி ஓரம் நின்று பார்த்திருக்கிறோம். ரைஃபிள் போட்டியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பார்த்தாலும் முதலில் ஒன்றும் புரியாது. எட்டுப் பேர் வரிசையாகச் சிலை மாதிரி நிற்பார்கள், அவ்வளவுதான். அதனால் அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பத்து மீட்டர் என்றால் ஏறக்குறைய முப்பத்து மூன்று அடி. நம் வீட்டு வாசலில் நின்று பால்கனி வரை பார்த்தால் வருகிற தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அங்கே இருக்கும் இலக்கின் மொத்த விட்டம் 45.5 மில்லிமீட்டர். அதன் நடுவில் பத்துப் புள்ளி தருகிற இடம் எவ்வளவு பெரியது? அரை மில்லிமீட்டர். பேனாவால் வைத்த புள்ளி. அந்தப் புள்ளியைவிட ஒன்பது மடங்கு அகலமானது குண்டு, 4.5 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்துதான். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. 2013 முதல் தகுதிச் சுற்றிலும் தசமத்தில் கணக்குப் பார்க்கிறார்கள். நட்டநடு மையத்தில் விழுந்தால் 10.9. கால் மில்லிமீட்டர் விலக விலக 10.8, 10.7 என்று இறங்கிக்கொண்டே போகும்.

கால் மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு? ஜெராக்ஸ் பேப்பர் இரண்டரைத் தாள் கனம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தகுதிச் சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 குண்டு. நின்றுகொண்டே சுட வேண்டும். ரைஃபிளின் எடை ஐந்து கிலோவை ஒட்டி இருக்கும். ஐந்தரைக்கு மேல் போகக் கூடாது. ஐந்து கிலோ அரிசிப் பையைத் தோளுக்கும் கைக்கும் நடுவில் ஏந்தி ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கைச்சதையால் தாங்கினால் இரண்டாவது நிமிடமே நடுங்கும். அதனால் இடது முழங்கையை இடுப்பு எலும்பின் மேல் ஊன்றி, எலும்பு மேல் எலும்பாகச் சுமையை இறக்குகிறார்கள். கேன்வாஸும் தோலும் வைத்துத் தைத்த விறைப்பான கோட்டு, கால்சட்டை, தட்டையான பூட்ஸ் எல்லாம் அதற்குத்தான். அதை மாட்டிக்கொண்டு நடந்தால் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி இருக்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் அந்தக் கோட்டை நினைத்தாலே வேர்க்கிறது.

மூச்சைப் பாதி விட்டு நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினாலும் நாடி அடிக்குமே, அதை நிறுத்த முடியாது. ஒவ்வொரு துடிப்புக்கும் குழல் முனை கொஞ்சம் அசையும். இரண்டு துடிப்புக்கு நடுவே விரல் தானாக விசையை அழுத்த வேண்டும். "இப்போ சுடு" என்று மனது சொன்னால் அது பிந்திவிட்டது என்று அர்த்தம். சரியாக அமையவில்லை என்றால் ரைஃபிளை இறக்கிவிட்டு மறுபடி தூக்குவார்கள். அந்த இறக்குகிற பக்குவம்தான் பிள்ளைகளுக்கு வருவதற்கு நாளாகும். நான் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் பிடித்தவன், பல வருடம் பிள்ளைகளைச் சுட வைத்தவன். பத்துப் பிள்ளைகளில் ஒன்பது, வந்தது வரட்டும் என்று சுட்டுவிடும்.

இப்போது இளவேனிலுக்கு வருவோம். 2018 மார்ச்சில் சிட்னியில் ஜூனியர் உலகக் கோப்பை. தகுதிச் சுற்றில் 631.4 எடுத்தார், அது அப்போது ஜூனியர் உலகச் சாதனை. தனிநபர் தங்கம், அணித் தங்கம் இரண்டும். அதே வருடம் தென்கொரியாவின் சாங்வானில் ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப்பில் தனிநபர் வெள்ளி, அணியில் தங்கம். 2019 ஆகஸ்ட் 28, ரியோ டி ஜெனிரோவில் பெரியவர்களுக்கான உலகக் கோப்பை. இருபது வயது நிறைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 251.7 எடுத்துத் தங்கம். அஞ்சலி பாக்வத், அபூர்வி சந்தேலா இருவருக்கும் பிறகு இந்தப் பிரிவில் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற மூன்றாவது இந்தியப் பெண்.

அந்த நவம்பரில் சீனாவின் புதியானில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அந்த வருடத்தின் சிறந்த வீராங்கனைகள் மட்டும் ஆடுவது. இறுதிச் சுற்றில் 24 குண்டு. பன்னிரண்டாவது குண்டுக்குப் பிறகு இரண்டு குண்டுக்கு ஒருவர் வெளியேற வேண்டும். கடைசியில் இருவர் மட்டும் நிற்பார்கள். இளவேனிலும் தைவானின் லின் யிங்-ஷின்னும் நின்றார்கள். முடிவு: இளவேனில் 250.8, லின் 250.7. வித்தியாசம் 0.1. இருபத்துநான்கு குண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், நான் முன்னால் சொன்ன இரண்டரைத் தாள் கனம். தங்கம் இவருக்கு, வெள்ளி அவருக்கு. அன்று அதிர்ஷ்டம் யார் பக்கம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த இரண்டரைத் தாள் எந்தப் பக்கமும் சாயும் என்பதைப் பெற்றோர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அடுத்து அது எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

டோக்கியோ ஒலிம்பிக் கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போனது. உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த இளவேனில் மேல் எல்லோருக்கும் கண். 2021 ஜூலை 24, போட்டிகளின் முதல் நாள் காலை. மூன்றாவது பத்துக் குண்டில் 106.0 எடுத்தார், அபாரம். ஆனால் முன்னும் பின்னும் 104, 103.5 என்று இறங்கியது. மொத்தம் 626.5, பதினாறாவது இடம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். கலப்பு இரட்டையரிலும் பன்னிரண்டாவது இடத்தோடு நின்றது. அந்த முறை போன பதினைந்து இந்தியத் துப்பாக்கி வீரர்களில் ஒருவர்கூடப் பதக்கம் வாங்கவில்லை. செய்தித்தாள்கள் கிழித்துத் தொங்கவிட்டன. வாட்ஸ்அப்பில் வந்ததைச் சொல்லவே வேண்டாம்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதக்கம் வாங்கின கதையை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி. ரமிதா, மெகுலி கோஷ், ஆஷி சௌக்சி என்று அணி போனது. இளவேனில் பெயர் அதில் இல்லை. இரண்டு வருடம் முன்பு உலகின் முதலிடம், இப்போது சொந்த நாட்டு அணியில் இடமில்லை. நம் நாட்டில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் அவ்வளவு நெரிசல். அவரை ரியோ உலகக் கோப்பைக்கு அனுப்பினார்கள். ஆசியப் போட்டி தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, நான்கு வருடத்துக்கு முன் ஜெயித்த அதே ரியோவில், 252.2 எடுத்து மறுபடி தங்கம். பிரான்ஸின் ஓசியான் முல்லருக்கு வெள்ளி. 2024 ஜனவரியில் ஜகார்த்தாவில் ஆசிய அளவில் தனிநபர் வெள்ளி. பிறகு தேர்வுப் போட்டிகளில் ஒவ்வொரு தசமமாகச் சேர்த்துப் பாரிஸ் ஒலிம்பிக் அணிக்குள் வந்தார்.

2024 ஜூலை 28, பாரிஸ் ஒலிம்பிக்குக்காக ஷாத்தரூ ஊரில் அமைத்த ரேஞ்ச். ஐம்பது குண்டு வரை இளவேனில் முதல் எட்டுக்குள் நிற்கிறார். கடைசிப் பத்துக் குண்டு: 103.8. மொத்தம் 630.7, பத்தாவது இடம். பக்கத்தில் சுட்ட நம்ம நாட்டு ரமிதா 631.5 எடுத்து ஐந்தாவதாக இறுதிச் சுற்றுக்குள் போனார்.

இந்த இரண்டு எண்ணையும் கழித்துப் பாருங்கள். 0.8. மில்லிமீட்டரில் சொன்னால் இரண்டு. அறுபது குண்டுகளையும் சேர்த்து, ஐந்தாவது இடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் நடுவே இருந்த தூரம், ஒரு தீக்குச்சியின் பருமன். நம்ம வட்டாரத்தில் தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்காத தெரு இல்லை, அதனால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் ஒரு குச்சியை எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் போட்டேன். டோக்கியோவில் அவருடைய சராசரி ஒரு குண்டுக்கு 10.44. பாரிஸில் 10.51. அதாவது மூன்று வருடப் பாடுக்குப் பிறகு ஒவ்வொரு குண்டும் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவாக மையத்தை நெருங்கியிருக்கிறது. இதை முன்னேற்றம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. பத்தாவது ரேங்க் என்றுதான் சொல்வோம். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று நம்ம வீடுகளில் நடப்பதும் இதேதான். 590 வாங்கிய பிள்ளையிடம் மீதிப் பத்து எங்கே என்று கேட்ட வீடு நம் குடியிருப்பிலேயே உண்டு. யார் என்று சொல்ல மாட்டேன், முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

அவர் நிறுத்தவில்லை. 2025 ஆகஸ்டில் கஜகஸ்தானின் ஷிம்கென்ட்டில் ஆசியச் சாம்பியன்ஷிப். 253.6, தங்கம், ஆசியச் சாதனை. அர்ஜுன் பபுதாவோடு கலப்பு அணியிலும் தங்கம். இந்த அர்ஜுன் பபுதா யார் தெரியுமா? பாரிஸில் ஆண்கள் இறுதிச் சுற்றில் நான்காவதாக வந்து பதக்கத்தைத் தவறவிட்டவர். பாரிஸில் பத்தாவதும் நான்காவதுமாக நின்ற இரண்டு பேர் சேர்ந்து வாங்கிய தங்கம் அது. அந்த நவம்பரில் கெய்ரோ உலகச் சாம்பியன்ஷிப்பில் இளவேனிலுக்கு வெண்கலம். அர்ஜுனா விருது ஏற்கெனவே 2022-க்கானது கிடைத்துவிட்டது. ஒலிம்பிக் பதக்கம் மட்டும் இன்னும் இல்லை. வயது இருபத்தாறுதான், இந்த விளையாட்டில் அது வயதே இல்லை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது அவருக்கு இருபத்தைந்து. கடைசிக் குண்டில் 10.8 அடித்தார். அதே பிந்த்ரா அதற்கு நான்கு வருடம் முன்பு ஏதென்ஸில் இறுதிச் சுற்று வரை போய் வெறும் கையோடு திரும்பினவர்.

சரி, நம்ம விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் அணில் விவகாரம். .177 அளவு ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் அதைப் பொம்மை என்று நினைக்கிறோம். போட்டி ரைஃபிளில் குண்டு ஒரு வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிறது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். கடையில் வாங்கி வந்த ஸ்பிரிங் ஏர் கன்னும் அப்படித்தான். உயிர்களைச் சுடுவது மிருகவதைச் சட்டப்படி குற்றம். நம்ம கரிசல் காட்டில் கூப்பிடாமலே வருகிற மயிலைச் சுட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நேரே சிறைதான். அந்தப் பையனை நான் திட்டவில்லை. அவனுக்குக் குறி பார்க்கும் ஆசை இருக்கிறது. காகிதத்தில் ஒரு புள்ளி வைத்து யாரும் காட்டவில்லை, அவன் மரத்தில் ஓடியதைப் பார்த்தான். ஆனால் மொட்டை மாடியில் துப்பாக்கி இனிமேல் கூடாது. இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

இரண்டாவது, கீழ் அறை. மனுக் கொடுத்த வீட்டாரிடம் நேரில் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நீளம் போதும், டேப் வைத்து அளந்தேன், பதின்மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆனால் நடுவில் சைக்கிள் வைக்கப் போகிற கதவு ஒன்று இருக்கிறது. சுடும்போது அந்தக் கதவு உள்பக்கம் பூட்டியிருக்க வேண்டும். இலக்குக்குப் பின்னால் குண்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, அதன் பின்னால் தடித்த பலகை, சுடுகிறவர் கோட்டைத் தாண்டி யாரும் முன்னால் போகாமல் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒரு பெரியவர். இந்த மூன்றும் இல்லாமல் அனுமதி கொடுத்தால் நான் எதிர்த்துக் கை தூக்குவேன். இருந்தால் ஆதரித்துத் தூக்குவேன். சத்தத்தைப் பற்றி மேல் வீட்டு அக்கா பயப்பட வேண்டாம். உங்கள் மிக்சி இதைவிடச் சத்தம் போடும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். போட்டிக்கான ஜெர்மன் ரைஃபிள் லட்சங்களில் போகும். கோட்டு, பூட்ஸ் தனி. குண்டு தினமும் தீரும். எடுத்த எடுப்பில் யாரும் அதை வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை போன்ற ஊர்களில் ரைஃபிள் கிளப்கள் இருக்கின்றன. நடிகர் அஜித் மாநிலப் போட்டிகளில் சுட்டதைப் பார்த்துத்தான் பாதிப் பேருக்கு அந்தக் கிளப்கள் இருப்பதே தெரிந்தது, போகட்டும். பிள்ளைக்கு ஆறு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் அங்கே கூட்டிப்போங்கள். தேசிய அளவுக்கு வந்துவிட்டால் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித் திட்டங்கள் உண்டு. அதுவரை உங்கள் பைதான்.

இவ்வளவுதான் சொல்ல வந்தது. கேள்வி இருந்தால் கேளுங்கள்.

(உரைக்குப் பின் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகள்.)

"சார், துப்பாக்கி இல்லாம வீட்டுல பழக முடியுமா?"

முடியும். பெரிய வீரர்களும் தினமும் குண்டு போடாமல் வெறும் விசையை அழுத்திப் பழகுகிறார்கள். துப்பாக்கியே இல்லாத பிள்ளைக்கு, சுவரில் கண் உயரத்தில் ஒரு புள்ளி வைத்து, ஒரு தடியைத் தோளில் ஏந்தி, முழங்கையை இடுப்பில் ஊன்றி, அசையாமல் இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று, பிறகு ஐந்து. ஒரு மாதம் அலுக்காமல் நிற்கிற பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள்.

"பெண் பிள்ளைகளும் வரலாமா?"

நான் இவ்வளவு நேரம் பேசியதே ஒரு பெண் பிள்ளையைப் பற்றித்தானே அக்கா. முதலில் அவர்கள் பெயரை எழுதிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கீழ் அறைக்கு அனுப்புங்கள். துப்பாக்கி கிடையாது, தடிதான்.